தமிழ் இருக்கிறதே, அது போதாதா?

சனிக்கிழமை நான் போட்ட படத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள்: இங்கே சிங்கப்பூரில் ஒரு மருந்தகத்தில் (கிளினிக்கில்) வருபவர்கள் தாங்களே பதிந்துகொள்ளும் இயந்திரம், அதன் தமிழ்த் திரையில் எழுத்தெல்லாம் உடைந்து கிடக்கிறது. மறுபடி ஒட்டப் போவதில்லை, பார்க்காதவர்கள் கீழே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த மருந்தகம் என்று தெரியாதபடி ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். உள்பெட்டியில் வந்து பெயர் கேட்பவர்களுக்கும் சொல்லப் போவதில்லை.

நிறையப் பேர் சிரித்தீர்கள். சரி, எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் நான் மதிக்கிற ஒரு அண்ணன், தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரல் மாதம் ஆனால் ஏதாவது ஒரு மேடையில் நீங்கள் பார்த்துவிடக்கூடியவர், இப்படி எழுதினார்: "தமிழ் இருக்கிறதே, அது போதாதா? குறை சொல்லிச் சொல்லியே இருப்பதையும் எடுக்க வைத்துவிடாதேம்மா." அதற்கு ஏகப்பட்ட இதயங்கள். பின்னாலேயே இன்னொருவர் வந்தார்: "பட்டனுக்குக் கலர் அடிக்கிற வேலை செய்பவர்களுக்கு எல்லாமே குறையாகத்தான் தெரியும்." அதற்கு அண்ணன் ஒரு சிரிப்பு முகம் போட்டார்.

அந்தச் சிரிப்பு முகம்தான் மூன்று நாளாக உள்ளே அறுத்துக்கொண்டிருக்கிறது.

நிதானமாகவே சொல்ல முயற்சி செய்கிறேன். திரையில் தமிழ் இருப்பது வேறு, திரையில் இருக்கும் தமிழைப் படிக்க முடிவது வேறு. பயனர் அனுபவ வடிவமைப்பில் என் பன்னிரண்டு வருட வேலை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்துக்குள்தான் ஓடுகிறது. கதவு இருக்கிறது, திறக்க முடியவில்லை என்றால் அதற்குப் பெயர் சுவர்.

படத்தை ஒரு தடவை ஒழுங்காகப் பாருங்கள். முதல் வரி "மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று இருக்க வேண்டும். அங்கே மகரம் தனியாக நிற்கிறது. பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், அந்த வட்டத்துக்கு ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். எழுத்தைக் காணவில்லை, கொம்பும் காலும் மட்டும் ஆளில்லாத வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டாவது வரியை நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன். மூன்றாவது, முன்பதிவுக்கான இடத்தில் "புத்தக நியமனம்". புத்தகத்தை யாரும் அங்கே நியமிக்கவில்லை, "புக் அப்பாயின்ட்மென்ட்" என்ற ஆங்கிலச் சொற்களுக்கு இயந்திரம் தப்பான பொருளைப் பிடித்துக்கொண்டது. கீழே பச்சைப் பொத்தான். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு அளந்து செய்த பொத்தான். அதில் "சமர்ப்பிக்கவும்" நுழையுமா? நுழையவில்லை. "சமர்..." என்று வெட்டி மூன்று புள்ளி வைத்திருக்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்களைப் போருக்கு அழைக்கிறார்கள் போல.

ஏன் இப்படி ஆகிறது என்று உண்மையாகவே கேட்ட நாலைந்து பேருக்காகச் சொல்கிறேன். "மொ" என்று கையால் எழுதும்போது கொம்பு முதலில், ம நடுவில், கால் கடைசியில். கணினி அப்படிச் சேமிப்பதில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ம முன்னால், ஒகரக் குறி அதன் பின்னால். அந்தக் குறியைப் பிரித்து மகரத்தின் இரண்டு பக்கமும் நிறுத்துவது எழுத்தைக் கோத்துக் கொடுக்கும் மென்பொருளின் வேலை. அந்த வேலையே தெரியாத இடத்தில், அல்லது தெரிந்தும் முடுக்கிவிடாத இடத்தில் தமிழை ஒட்டினால் இந்தக் கோலம்தான். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான அடோபி இன்டிசைனில் இதற்கென்றே வேர்ல்டு ரெடி கம்போசர் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்புறம் வரி உயரம். ஆங்கிலத்துக்கு இறுக்கி அளந்த வரிக்குள் தமிழைத் திணித்தால் மேலே புள்ளியும் விலங்கும் வெட்டுப்படும், கீழே உகரத்தின் வளைவு போய்விடும். இதெல்லாம் ராக்கெட் விடுகிற விஷயம் இல்லை. திரை செய்தவருக்குத் தமிழ் தெரியாது, அவருடைய மேலாளருக்குத் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. யாரும் கெட்டவர்கள் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் கண்ணில் அது கடைசிவரை படவில்லை, அவ்வளவுதான்.

பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம்: ஐந்து பேரை உட்கார வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும். எனக்கு ஐந்து பேர்கூட வேண்டாம். ஒருவர் போதும். மருந்தகத்தில் தரை துடைக்கும் அக்காவைக் கூப்பிட்டு "இதைக் கொஞ்சம் படிங்க" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

பட்டனுக்குக் கலர் அடிக்கும் வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். "பயனர் அனுபவம்" என்ற பெயரையே 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் இருந்த டான் நார்மன்தான் பரப்பினார். என் மாமா இன்னும் என்னை வீட்டுக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவள் என்றுதான் சொந்தக்காரர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார். நானும் திருத்துவதை நிறுத்திவிட்டேன். ஆனால் வேலை என்னவோ இதுதான்: ஒரு பொருளை ஒருவரால் பயன்படுத்த முடியவில்லை என்றால், தப்பு அந்த ஆளிடம் இல்லை, பொருளிடம் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் இதையே சொல்லி அலுத்துப்போன வாய் என்னுடையது.

இப்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். படத்தோடு இதை எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

என்னோடு வந்தது அம்மா. 71 வயது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். தினமும் காலையில் கோப்பியும் தமிழ் முரசு நாளிதழும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது, மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடமாட்டார். இயந்திரத்தில் நான்கு மொழிப் பொத்தானும் வந்ததும் நான் ஆங்கிலத்தைத் தொடப் போனேன். "ஏன், தமிழ்தான் இருக்கே" என்று என் கையைத் தட்டிவிட்டுத் தமிழைத் தொட்டார். திரை மாறியது. அம்மா கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "கண்ணு மறுபடி மங்குது போல இருக்குடி. டாக்டர்கிட்ட சொல்லணும்."

போன வருடம்தான் கண்புரை அறுவை செய்தது.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் அவசரமாக ஆங்கிலத்துக்கு மாற்றிப் பதிந்துவிட்டு, வரிசை எண்ணை அம்மா கையில் கொடுத்தேன். "உன் கண் நல்லாத்தான் இருக்கு, எழுத்துதான் உடைஞ்சிருக்கு" என்று சொன்னேன். நம்பவில்லை. "கவர்மெண்ட்டு நாலு மொழியிலயும் போடுற ஊருல தப்பாவா போடுவான்" என்று என்னையே கேட்டார். உள்ளே போய் டாக்டரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லவும் செய்தார்.

அண்ணன், உங்கள் "அது போதாதா"வுக்கு என் பதில் இதுதான். தமிழே இல்லாமல் இருந்திருந்தால் அம்மா ஆங்கிலத்தைத் தொட்டிருப்பார், இல்லையென்றால் தாதியைக் கூப்பிட்டிருப்பார். தமிழ் இருந்ததால்தான் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார்.

அடுத்து எண்ணிக்கைக்காரர்கள். "2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, இதற்குப் போய் இவ்வளவா" என்று கேட்டிருந்தார் ஒருவர். எண் சரிதான், மறுக்கவில்லை. அப்படியானால் தமிழ் வரியை எடுத்துவிடட்டும், நேர்மையாக இருக்கும். அதிகாரத்துவ மொழி (ஆட்சிமொழி) என்று வைத்துக்கொள்வோம், ஆனால் படிக்கிற மாதிரி வைக்கமாட்டோம் என்றால் அது யாருக்காக? தவிர அந்த 2.5இல் முக்கால்வாசி இளைஞர்கள் என்றா நினைக்கிறீர்கள்? மருந்தகத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கட்டுமானத் தளத்து வேலியில் நான்கு மொழியில் எச்சரிக்கைப் பலகை தொங்குகிறதே, அதில் தமிழ் உடைந்திருந்தாலும் "இருக்கிறதே" என்றுதான் சொல்வீர்களா? உள்ளே வேலை செய்கிற தம்பியிடம் போய்ச் சொல்லுங்கள்.

2024 ஜனவரி நினைவிருக்கிறதா? பேருந்து, ரயில் கட்டணத்துக்கான பழைய ஈஸிலிங்க் அட்டையை நிறுத்திவிட்டு சிம்ப்ளிகோ என்ற வேறு கட்டண முறைக்கு மாற்றப் போகிறோம் என்று 9ஆம் தேதி அறிவித்தார்கள். வாசலில் அட்டையைத் தட்டினால் கழிந்த தொகையும் மீதித் தொகையும் தெரியாது என்று ஊரே முணுமுணுத்தது. 22ஆம் தேதி முடிவை மாற்றி, பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கினார்கள். ஒரு சின்னத் திரையில் இரண்டு எண் தெரிவதற்கு! அது வேண்டியதுதான், நானும் அந்த முணுமுணுப்பில் இருந்தவள். அன்றைக்கு யாராவது "வண்டி ஓடுகிறதே, அது போதாதா" என்று கேட்டீர்களா? அண்ணனே அப்போது மூன்று பதிவு எழுதினார், நான் மூன்றுக்கும் விருப்பம் போட்டேன்.

"குறை சொல்வதற்குப் பதில் நீயே சரிசெய்து கொடுக்க வேண்டியதுதானே" என்று கேட்டவருக்கு: கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி, சரியான வாசகம், ஒவ்வொரு வரிக்கும் எழுத்தளவு, வரி உயரம், பொத்தானுக்கு "அனுப்பு" என்ற சின்னச் சொல், எல்லாம் எழுதி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் சனிக்கிழமை படம் போட்டேன். காசு கேட்கவில்லை. இன்னும் பதில் இல்லை, கருத்துக்கு நன்றி என்ற தானியங்கிக் கடிதத்தைத் தவிர. இதை நான் சொல்லியிருக்கவே கூடாது, தம்பட்டம் மாதிரி இருக்கிறது. ஆனால் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

என் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகின்றன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இறங்கி பஃபலோ ரோடு, டன்லப் தெரு, சிராங்கூன் சாலை ஓரமாக நடந்து பெயர்ப்பலகைகளைப் படம் எடுப்பேன். எடுத்து வைத்திருப்பதில் பாதிக் கடைகள் இப்போது இல்லை. கையால் எழுதிய பலகைகளில் எனக்குப் பிடித்தது அந்தப் புள்ளிகள்தான். சிலர் வட்டமாக வைப்பார்கள், சிலர் தூரிகையை ஒரு அழுத்து அழுத்திச் சாய்சதுரமாக. இடம் பத்தாவிட்டால் எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்குவார்களே தவிரப் புள்ளியை விடமாட்டார்கள். அவர்களுக்கு யூனிகோடு தெரியாது. பையில் நம் ஊர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அந்த விரல்நுனி இடத்தில் "சிங்கப்பூர்" மூன்று புள்ளியோடு இருக்கும்.

இன்னொன்று. "இணையம்" என்ற சொல்லையே உருவாக்கியவர் என்று சொல்லப்படும் நா. கோவிந்தசாமி இந்த ஊர்க்காரர். தமிழை இணையத்தில் ஏற்ற 1995லேயே இங்கே உட்கார்ந்து பாடுபட்டவர். 1997இல் தமிழ்நெட் 97 கருத்தரங்கு நடந்ததும் இங்கேதான். இணையத்தில் தமிழ் வருமா என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் வரும் என்று காட்டிய ஊரில், இத்தனை வருடம் கழித்து ஒரு கொம்பை அதன் இடத்தில் நிறுத்தச் சொன்னால் நான் நன்றி கெட்டவள்.

போன மாதம் என் மகள், தொடக்கநிலை 4, தமிழ்ப் பாடத்தில் ஒரு ஒற்றை விட்டுவிட்டாள். சிவப்பு மையில் வட்டம், அரை மதிப்பெண் போச்சு. ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை அது. அதே பிள்ளை சனிக்கிழமை என் கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என்ன லாங்குவேஜ்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சரி, என் பக்கத்து அழுக்கையும் வைத்துவிடுகிறேன், நாளைக்கு யாராவது தோண்டி எடுக்க வேண்டாம். முதல் வேலையில் சேர்ந்து நாலு மாதம். நான்கு மொழியில் ஒரு துண்டுப்பிரசுரம். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும். அச்சுக்குப் போகிற மாலையில்தான் பார்த்தேன், தமிழ்ப் பக்கம் முழுக்க உடைந்திருந்தது. மேலாளர் மேசை வரை போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார், நேரம் ஆறரை, எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் அச்சாகி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் அஞ்சல் பெட்டிகளுக்குள் போனது. ஒரு வாரம் வயிற்றைக் கலக்கிக்கொண்டே காத்திருந்தேன். யாருமே புகார் செய்யவில்லை. ஒருவர்கூட.

அதில் ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அப்போது தப்பித்தோம் என்று நினைத்தேன். இப்போது, அத்தனை வீட்டிலும் எத்தனை பேர் கண்ணாடியைத் துடைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. "உன்னைத் தவிர யாரும் புகார் சொல்லவில்லையே" என்று சனிக்கிழமை எழுதியவருக்கு இதற்குமேல் விளக்கம் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

பின்னூட்டத்தை மூடப் போவதில்லை. அண்ணனும் தாராளமாக வரலாம், அவர் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். பதில் எழுதும் முன், அந்தப் படத்தில் இரண்டாவது வரியை வாய்விட்டுப் படித்துக் குரல்பதிவாகப் போடுங்கள். கண்ணாடியைத் துடைக்க வேண்டாம், அம்மா துடைத்துப் பார்த்துவிட்டார்.