போனைத் தூக்கினவன் எல்லாம் கலைஞனா என்று கேட்ட அண்ணனுக்கு

நேற்று ராத்திரி அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். "போனைத் தூக்கினவன் எல்லாம் கலைஞனா? இந்தோனேசியாவுல யூடியூபருங்க சேர்ந்து சினிமாவையே கெடுத்துட்டாங்க" என்றார் அண்ணன். ஒரு இந்தோனேசியப் படமாவது பார்த்திருக்கிறீர்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நான் இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் ஆறு வருடம் இருந்தவன். தங்கியிருந்த வீட்டு இபு (அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சாயங்காலமானால் சினெத்ரோன் போட்டுவிடுவார். நம் சீரியல் மாதிரிதான். எல்லாரும் ஜகார்த்தா பேச்சு பேசுவார்கள். பேச்சில் ஜாவானிய மொழி வாடை அடித்தால் அது அநேகமாக வேலைக்காரி. நாட்டில் பத்துக்கு நாலு பேர் ஜாவானியர், அண்ணே! அந்த இபுவும்தான். யூடியூபில் ஜாவானியம் பேசியே ஆள் சேர்த்த மாலாங் ஊர்ப் பையன் பாயு ஸ்காக், 2018இல் 'யோவிஸ் பென்' படத்தைப் பெரும்பாலும் ஜாவானியத்திலேயே கொண்டுவந்தார். இபு மகனோடு தியேட்டருக்குப் போய்வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். இதுவா கெடுத்தது?

"அப்போ பிராங்க் வீடியோ அசிங்கம்?" என்பீர்கள். 2020இல் பாண்டுங்கில் ஒருவன் திருநங்கைகளுக்கு உதவிப் பொட்டலம் என்று குப்பையைக் கொடுத்து வீடியோ போட்டான், கைதானான். அசிங்கம்தான். சரி, அடுத்தது.

டிவி யோக்கியமா? இணைய வீடியோவையும் ஒளிபரப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லி 2020இல் அரசியல் சாசன நீதிமன்றம் போனது அங்குள்ள டிவி சேனல் ஆர்சிடிஐ. 2021 ஜனவரியில் மனு தள்ளுபடி. ஏப்ரலில் யூடியூபர் அத்தா ஹலிலிந்தார் கல்யாணத்தை நேரலையில் காட்டியது யார்? அதே ஆர்சிடிஐ! அப்போதைய அதிபர் ஜோகோவி சாட்சியாக உட்கார்ந்திருந்தார்.

2011இல் கோரோந்தாலோ போலீஸ்காரர் நார்மன் கமாரு, நம்ம ரஹ்மானின் 'தைய தைய' பாட்டின் இந்தி வடிவத்துக்கு வாயசைத்த வீடியோ யூடியூபில் பரவியது. டிவிகள் தூக்கிக்கொண்டு ஆடின. அந்த வருடமே அவருக்குப் போலீஸ் வேலை போனது, டிவி அடுத்த ஆளைப் பார்க்கப் போனது. பின்னால் வந்த பையன்கள் டிவி வாசலில் நிற்காமல் தங்கள் திண்ணையிலேயே கடை போட்டார்கள். கெடுக்கவில்லை அண்ணே, பிழைத்தார்கள்.

"உனக்கேன் இவ்வளவு எரிச்சல்?" எனக்கும் ஒரு சேனல் இருக்கிறது. சுரபாயா தெருச்சாப்பாடு, தமிழில். 340 பேர் பார்க்கிறார்கள். போன தீபாவளிக்குப் பெரியப்பா கூடத்தில் வைத்து, "இவன் யூடியூப்ல சோறு தின்னுறான்" என்றார். வீடே சிரித்தது. அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விட்டார்.

நேற்று அண்ணன் அப்படிச் சொன்னதும் முதல் சிரிப்புப் பொம்மை போட்டது யார் தெரியுமா? என் சொந்த மச்சான். அவன் புதுப் போன்கூட நான் வாங்கிக் கொடுத்ததுதான்.