வெரோணிக்கா சேலை கட்டினால் தவறா?

நம் கோயிலில், இயேசு சிலுவை சுமந்து போன வழியைக் காட்டும் பழைய சிலுவைப்பாதைப் படங்களை இறக்கிவிட்டு ஃபைபர் சுரூபங்களை மாட்டியது உங்களுக்குத் தெரியும். பலகையைக் கரையான் அரித்துவிட்டது, மாற்றினார்கள், சரி. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், இறக்கிய படங்களில் ஒன்றைப் பற்றி, "சேலை கட்டிய வெரோணிக்கா தவறான படம், வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். ரெண்டு நாளாக அது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

எது தவறு? வெரோணிக்கா என்ற பெயரே நான்கு நற்செய்திகளிலும் இல்லை. அவள் இயேசுவின் முகத்தைத் துடைத்ததும் துணியில் திருமுகம் பதிந்ததும் வழிவழியாக வந்த நம்பிக்கை. அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று யார் பார்த்தது? பழைய ஐரோப்பிய ஓவியர்களைப் பாருங்கள். மெம்லிங் 1470-களில் வரைந்த வெரோணிக்காவுக்குப் பின்னால் அவர் நாட்டுப் பச்சைதான் விரிகிறது. எல் கிரேக்கோ வரைந்தவள் ஸ்பெயின் தேசத்துப் பெண் மாதிரியே இருக்கிறாள். சுர்பரான் 1658-இல் அவளையே விட்டுவிட்டு, துணியையும் அதில் மங்கித் தெரியும் முகத்தையும் மட்டும் வரைந்தார். அவர்கள் செய்தால் கலை. லாரிக்குப் பெயர் எழுதுகிற நம்மூர்க்காரர் எனாமல் பெயிண்டில் வரைந்தால் தவறா?

அந்தப் படத்தை எத்தனை பேர் கிட்டப்போய்ப் பார்த்தீர்கள்? பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகியிருப்பாள், கணுக்கால் வரை சேறு. எல்லாப் படத்திலும் அவள் கையில் தனித் துணி இருக்கும். இவள் பிடித்திருப்பது இடுப்பிலிருந்து வரும் முந்தானை. திருமுகம் பதிந்த துணியை அவள் உடுத்தியே இருக்கிறாள்! அப்படி யோசித்த ஒரு கையைத்தான் தவறு என்கிறீர்கள்.

தவக்கால வெள்ளிகளில் என் அப்பாயி உளுந்து பறித்துவிட்டு நேரே கோயிலுக்கு வரும். வெரோணிக்கா படம் இருக்கும் ஆறாம் தலத்தில் எல்லோரும் முழந்தாளிடும்போது, அது மட்டும் எழுந்து போய்த் தன் முந்தானையால் படத்தில் ஆண்டவர் முகத்தைத் துடைக்கும். தாத்தா கடைசியாகப் படுத்துக் கிடந்தபோதும் அதே மாதிரிதான் துடைத்தது. துடைத்துத் துடைத்து ஆண்டவர் கன்னத்தில் பெயிண்ட் போய்ப் பலகை தெரிந்தது. அதைத்தான் "பராமரிப்பு இல்லாத படம்" என்று எழுதினார்கள்.

"இந்தப் பலகையை, ஆண்டவரோடும் புனிதர்களோடும் தொடர்புள்ள திருப்பண்டத்தோடு ஒப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். ஒப்பிடவில்லை. பூண்டி மாதா கோயிலில் திருச்சிலுவைத் துண்டின் முன் முழந்தாளிட்டு வளர்ந்தவன் நான், திருப்பண்டம் எது என்று எனக்குத் தெரியும். "வரலாறு வேண்டாமா?" என்றால், புதுச் சுரூபத்தின் பொன்னிறக் கூந்தல் எந்த வரலாறு? நம் வேளாங்கண்ணி மாதா சேலையில்தான் நிற்கிறாள். அவளைப் பார்த்து யாராவது சிரித்தார்களா? மாதாவுக்குப் பொருந்தும் சேலை வெரோணிக்காவுக்கு ஏன் பொருந்தாமல் போனது? சேலையா, அதில் ஒட்டியிருக்கும் சேறா, உங்களுக்கு எது கூச்சம்? அந்தச் சேற்றில் நின்றவர்கள் கொடுத்த நெல்லில்தான் இந்தக் கோயிலே எழும்பியது.

அந்தப் பலகை இப்போது பீடத்துக்குப் பின்னறையில், ஒடிந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடக்கிறது. எரிக்காதீர்கள். சனிக்கிழமை வண்டி கொண்டுவருகிறேன், என்னிடம் கொடுத்துவிடுங்கள்.