முழங்கால் ஆழம்

எண்ணூர்ப் பக்கம் செய்திக்குப் போக ஆரம்பித்த புதிது. முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "இன்னா தம்பி எழுதுற?" என்று கேட்டார். ஆறு எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன். நின்ற இடத்திலேயே நிமிர்ந்து காட்டினார். தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேல். "எங்கம்மா காலத்துல இங்க கழுத்து மட்டும் தண்ணி." குனிந்து ஒரு கை சேறு அள்ளினார். மேலே சாம்பல், தேய்த்தால் மாவு மாதிரி வழுக்கியது. அதற்கடியில் கறுப்புச் சேறு. "இந்தக் கறுப்புலதான் எறா இருக்கும். சாம்பல் மூடிச்சுன்னா ஒண்ணும் தங்காது."

அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றுக்கு என்ன செய்தது என்று நான் பல வாரமாக அலுவலகம் அலுவலகமாக ஏறிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் அந்தக் கையில் இருந்தது.

2017 ஜனவரி 28 அன்று விடிகாலை எண்ணூருக்கு வெளியே கடலில் 2 கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவு இல்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. அதை அப்படியே அடித்து அனுப்பியவர்களில் நானும் ஒருவன். எந்தக் குப்பத்துக்கும் ஒரு போன் போடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கரையெல்லாம் கறுப்பாகி, இளைஞர்கள் வாளியில் எண்ணெய் அள்ளியதை நாடே பார்த்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றுக்குள் எண்ணெய் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியா நெடியில் பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு முறையும் முதலில் தெரிந்தது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான்.

அதனால்தான் கேட்கிறேன், செய்தியாளர்களான எங்களிடம் பேசுங்கள். "நான் படிக்காதவன், எனக்கு இன்னா சார் தெரியும்" என்று சொல்லாதீர்கள். லாரி ஓட்டுகிறவருக்கு எந்தக் கழிவு எந்த இரவில் எங்கே கொட்டப்படுகிறது என்று தெரியும். இரவுப் பணி நர்ஸுக்கு எந்தத் தெருவிலிருந்து குழந்தைகள் இருமலோடு வருகிறார்கள் என்று தெரியும்.

யார் மேல் தப்பு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பார்த்தது என்ன, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம் என்பது போதும். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் அழிந்துவிடும். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டேன். தகவல் கொடுத்தவர் யார் என்று சொல்லும்படி பத்திரிகையாளரைப் பிரஸ் கவுன்சில் (பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) வற்புறுத்த முடியாது, 1978 பிரஸ் கவுன்சில் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் கேட்டால் நிலைமை வேறு. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வாங்கிக்கொண்டு காணாமல் போகக் கூடாது. கட்டுரை வந்த பேப்பரோடு அந்த அக்காவைத் தேடிப் போனேன். படிக்கச் சொல்லிக் கேட்டார். இறால் போடும் பனையோலைப் பறியை நான் "கூடை" என்று எழுதியிருந்தேன். "பறின்னு எழுது தம்பி" என்றார். அதன் பிறகு எதை எழுதினாலும் சொன்னவரிடம் ஒருமுறை படித்துக்காட்டுகிறேன்.

எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். எழுத வராது என்றால் குரல் பதிவாகவே அனுப்புங்கள், முழுசாகக் கேட்பேன்.