'வீரியம் குறைந்த ஓபியாய்டு' என்று டிராமடாலைச் சொல்வதை நிறுத்துங்கள்

ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்து வகையைச் சேர்ந்த டிராமடாலைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அது லேசானதுதான், மார்ஃபின் மாதிரி கிடையாது" என்று ஒருவர் சொல்லிவிடுவார். மார்ஃபின் மாதிரி கிடையாது என்பது உண்மை. லேசானது என்பதுதான் தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

ஜெர்மனியின் குருனெந்தால் நிறுவனம் 1962இல் இதை உருவாக்கி, 1977இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதிலிருந்தே மற்ற ஓபியாய்டுகளைவிட அடிமைத்தன ஆபத்து குறைவு என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. அமெரிக்கா 1995இல் அனுமதித்தபோது கட்டுப்பாட்டுப் பட்டியலில்கூட வைக்கவில்லை. 2014இல்தான் அந்தப் பட்டியலின் நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். இடையில் 19 ஆண்டுகள்! பிரிட்டனும் அதே 2014இல் கட்டுப்படுத்தியது. இந்தியா 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

இந்தப் பெயர் எங்கே பொய்க்கிறது என்று தெரிய வேதியியலைப் பார்க்க வேண்டும். ஓபியாய்டுகள் வலியைக் குறைக்க நரம்பு செல்களில் பற்றிக்கொள்ளும் இடம் மியூ ஏற்பி. டிராமடால் மூலக்கூறு அதை மெலிதாகத்தான் பற்றுகிறது. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றுகிறது. அப்படிக் கிடைக்கும் எம்1 என்ற பொருள் அதே ஏற்பியை 200 மடங்கு வரை இறுக்கமாகப் பற்றக்கூடியது. அதாவது, உண்மையான ஓபியாய்டு வேலையைச் செய்வது மாத்திரை அல்ல, உங்கள் கல்லீரல் தயாரிக்கும் பொருள். இந்த நொதி பிறவியிலேயே சிலருக்கு மந்தம். அவர்களுக்கு வலி சரியாகக் குறையாது. சிலருக்கு அதிவேகம், வழக்கமான அளவே அவர்களின் மூச்சை அடக்கிவிடலாம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2017இல் அறிவித்தது இதனால்தான். அட்டையில் 50 மில்லிகிராம் என்று போட்டிருப்பதை வைத்து உடலில் எவ்வளவு எம்1 உருவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு முகமும் இதற்கு உண்டு. மாத்திரையில் இருப்பது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களின் கலவை. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருள்களில் ஒன்று செரடோனினையும் மற்றொன்று நார்அட்ரினலினையும் நரம்பு திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கும். மனச்சோர்வுக்குப் பராக்செட்டினோ ஃபுளுவாக்செட்டினோ சாப்பிடுபவருக்கு டிராமடாலும் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த மருந்துகள் சிஒய்பி2டி6ஐ அடைத்துவிடுவதால் எம்1 குறையும், வலி தீராது. வலி தீரவில்லையே என்று அளவைக் கூட்டினால் செரடோனின் ஏறும்: நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசைத் துடிப்பு, குழப்பம். வலிப்பு வரும் ஆபத்தும் சேர்ந்தே கூடும். பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் உச்சம் என்பது விளையாட்டுக்கு வைத்த எல்லை அல்ல. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு அது 300தான். வலிப்பு நோய் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், தலையில் அடிபட்டவர்கள் இவர்களுக்கெல்லாம் அந்த எல்லைக்குள்ளேயே ஆபத்து உண்டு.

நிறுத்தும்போதும் இரண்டு முகமும் தெரியும். ஓபியாய்டு விலகலின் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மையோடு சிலருக்குக் கடும் பதற்றம், மாயக்காட்சி, உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும். வெகுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தக்கூடாது. மருத்துவர் கண்காணிப்பில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, 10 முதல் 25 சதவீதத்துக்கு மேல் போகாமல் குறைப்பதே முறை.

அப்படியானால் உலகம் முழுக்கத் தடை போடலாமே என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பலமுறை ஆராய்ந்தும் சர்வதேசக் கட்டுப்பாட்டைப் பரிந்துரைக்கவில்லை. மார்ஃபின் எட்டாத ஏழை நாடுகளிலும் போர், பேரிடர் பகுதிகளிலும் பல நேரம் கையில் இருக்கும் ஒரே ஓபியாய்டு இதுதான். அந்தக் காரணம் நியாயமானது. ஆனால் தவறான பயன்பாடு எவ்வளவு பரவியது என்பதற்குக் கேமரூன் சாட்சி. அங்கே ஒரு மரத்தின் வேரில் இயற்கையாகவே டிராமடால் இருப்பதாக 2013இல் ஓர் ஆய்வு வந்தது. வடக்குக் கேமரூனில் உழவர்கள் தாங்களும் விழுங்கி மாடுகளுக்கும் கொடுத்த மாத்திரை, சிறுநீர், சாணம் வழியாக மண்ணில் கலந்து வேரில் ஏறியிருக்கிறது என்று அடுத்த ஆண்டே வேறொரு குழு விளக்கியது.

யாராவது அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் முதலில் மூச்சைக் கவனியுங்கள். மூச்சு மந்தமாகி, உதடு நீலமாகி, எழுப்பினால் எழவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்ஸோன் மருந்து கையில் இருந்தால் கொடுங்கள். ஆனால் அது ஓபியாய்டு பக்கத்தை மட்டுமே மாற்றும், செரடோனின் பக்கத்தைத் தொடாது, டிராமடாலில் வலிப்பு ஆபத்தைக் கூட்டவும் செய்யலாம். எனவே விழித்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் "வலி மாத்திரை" என்று சொல்லாமல் டிராமடால் என்று பெயரைச் சொல்லுங்கள், கூடவே என்னென்ன மருந்து எடுக்கிறார் என்பதையும்.