தோற்ற பின் எழுதும் விதி

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அமர்ந்து, போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்த்துச் சண்டையிட வைக்கும் ‘போக்கிமான் ஃபயர்ரெட்’ வீடியோ விளையாட்டைத் தமிழில் பேசியபடி ஆடி, பகுதி பகுதியாக யூடியூபில் ஏற்றி வருகிறேன். 2004இல் வெளிவந்த அந்த விளையாட்டைச் சிறுவயதிலேயே பலமுறை முடித்துவிட்டதால், வெறுமனே ஆடினால் எனக்கே கொட்டாவி வரும் என்று தெரிந்துதான் நஸ்லாக் முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்பதாம் பகுதியில் அந்த முறைக்கு நானே துரோகம் செய்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நஸ்லாக் அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2010இல் நிக் ஃபிராங்கோ என்பவர் ‘போக்கிமான் ரூபி’யைத் தனக்குத்தானே கட்டுப்பாடுகள் விதித்துக்கொண்டு ஆடி, அந்த அனுபவத்தைச் சித்திரக்கதையாக இணையத்தில் வரைந்தார். மயங்கி விழுந்த போக்கிமான் இறந்ததாகவே கருதப்படும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம். அடிப்படை அவ்வளவுதான். பிடித்தவற்றுக்கெல்லாம் பெயர் சூட்டுவது, ஜிம் எனும் சண்டைக்கூடத்தின் தலைவரிடமுள்ள மிக உயர்ந்த போக்கிமானின் லெவலைத் தாண்டி நம்முடையதை வளர்க்காமலிருப்பது போன்றவை ஆடுவோர் சேர்த்துக்கொண்டவை. இவற்றில் எதுவும் விளையாட்டுக்குள் கிடையாது. நான் மீறினாலும் கருவி தடுக்காது. பதிவின் நடுவே வெட்டி ஒட்டினால் பார்ப்பவருக்கும் தெரியாது.

இலை வகைப் போக்கிமானான என் பல்பசோருக்கு முனியாண்டி என்று பெயர் வைத்திருந்தேன். பெயருக்குப் பத்து எழுத்துகளே இடம், அதுவும் ஆங்கிலத்தில்தான். முனியாண்டி ஒருவாறு அடங்கிவிட்டார். ஜிம் தலைவி மிஸ்டியின் நீர் வகைப் போக்கிமானான ஸ்டார்மி 21ஆம் லெவல் என்பதால், ஐவிசோராக வளர்ந்திருந்த முனியாண்டியையும் அதே 21இல் நிறுத்தியிருந்தேன். இலை வகைக்கு நீர் வகை எளிதான இரை என்ற நினைப்பில் அலட்சியமாக ஆடினேன். நீர்த்தாக்குதலால் குழப்பம் பிடித்து முனியாண்டி தன்னையே இருமுறை அடித்துக்கொண்டது. அடுத்து வந்த, தற்செயலாகக் கூடுதல் வலுவோடு விழும் கிரிட்டிக்கல் அடியில் சாய்ந்தது. அந்தத் தலைமுறை விளையாட்டுகளில் சாதாரண அடியொன்று கிரிட்டிக்கலாக மாற பதினாறில் ஒரு வாய்ப்புத்தான். உடனே நான் ஒலிவாங்கியில், “தூய துரதிர்ஷ்டத்தால் விழுந்தால் கணக்கில் வராது என்று வைத்துக்கொள்வோம்” என்று அறிவித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

பகுதி வெளியான மறுநாள், எப்போதும் பார்க்கும் தம்பி ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணா, நீங்கள் கிரிட்டிக்கல் அடித்து ஜெயித்த சண்டைகளையும் கழித்துவிடுவீர்களா?” என்னிடம் பதில் இல்லை. அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்த எட்டுப் பகுதிகளில் நான் அதை நியாயம் என்றேன்; எதிர்ப்பக்கம் போனவுடன் துரதிர்ஷ்டம் என்று பெயர் மாற்றினேன்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில், இரண்டு ரப்பர் கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிப்போம். உடையாத கொட்டையின் சொந்தக்காரனுக்கு வெற்றி. மயிரிழை விரிசல் விட்ட கொட்டை உடைந்ததா, இல்லையா என்பதை அடிப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுவோம். அடித்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தவனை யாரும் அடுத்த ஆட்டத்தில் சேர்த்ததில்லை. பத்து வயதில் எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை முப்பத்தைந்து வயதில், அதுவும் ஒலிவாங்கியின் முன்னால், எப்படி மறந்தேன் என்று புரியவில்லை.

விதிவிலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவின் நடுவே மின்சாரம் போனால் என்ன செய்வது, ஏற்கெனவே பிடித்த இனமே மீண்டும் முதலில் எதிர்ப்பட்டால் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாமா என்பவற்றுக்கு விடை வேண்டும். அந்த விடை முதல் பகுதியிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொற்களிலும் கவனம் தேவை. “லெவல் வரம்பைத் தாண்டக்கூடாது” என்பது போதாது. சண்டை தொடங்கும்போதா, முடியும்போதா என்று எழுதாவிட்டால், ஜிம்முக்குள் நிற்கும் மற்றப் பயிற்சியாளர்களை வென்றதில் லெவல் ஏறிவிட்டது என்று பிறகு வாதாட நேரும்.

விதிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பெருமைப்படுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சண்டைக்குள் மருந்து பயன்படுத்தக்கூடாது என்ற விதி, ஒவ்வொரு முறையும் எதை மாற்றி இறக்குவது என்று யோசிக்க வைப்பதால் நல்ல விதி. காட்டுப் போக்கிமானிடமிருந்து ஓடக்கூடாது என்ற விதியோ, அரைமணி நேரம் ரட்டாட்டாவை அடிப்பதைப் பார்ப்பவர் தலையில் கட்டுகிறது. அதில் ஆடுபவர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை.

பத்தாம் பகுதியின் தொடக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, முனியாண்டியை இறந்ததாகக் கொண்டு, விளையாட்டில் போக்கிமான்களைச் சேமித்துவைக்கும் கணினிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி அதைக் கேள்விப்பட்டு, “சாமி பேரை வைச்சுச் சாகடிச்சிட்டியேடா” என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த தொடருக்கு ஆறு விதிகளை எழுதி, முதல் பகுதியின் விளக்கக் குறிப்பிலேயே இட்டிருக்கிறேன். ஆறாவது அவருக்காக எழுதியது.