‘சும்மா ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க’

சாக்கடையை வீடியோ எடுத்துப் போட்டதற்காக எங்கள் தெருப் பையன் ஒருவனை ஒரு பகல் முழுக்கக் காவல் நிலைய பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வழக்கு இல்லை, கைது இல்லை, சம்மன் இல்லை. அதனால் பேப்பரிலும் வரவில்லை. நான் கூடவே இருந்தேன் என்பதால் எழுதுகிறேன். எந்த ஸ்டேஷன், எந்த வார்டு என்று சொல்லப் போவதில்லை. அவன் நாளைக்கும் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும்.

பையன் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்ற வைக்கும் வேலை செய்கிறவன். மழை பெய்தால் எங்கள் தெருவில் சாக்கடை பொங்கி, வீட்டு வாசலில் இருக்கும் குடிநீர்க் குழாய்க் குழிக்குள் இறங்கும். அதைத்தான் எடுத்தான். வீடியோ ஒரு நிமிடம்கூட இல்லை. ‘கால்வாய் தூர் வாரியதாகக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள், எந்த இடத்தில் வாரினீர்கள் என்று வந்து காட்டுங்கள்’ என்று எழுதி, பொறுப்பான அலுவலரின் பதவியையும் போட்டிருந்தான். கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. நானே படித்துப் பார்த்தேன்.

வீடியோ கொஞ்சம் பரவியதும் போன் வந்தது. “தம்பி, ஸ்டேஷன்ல இருந்து பேசறோம். உங்க மேல ஒரு மனு வந்திருக்கு. சும்மா ஒரு தடவை வந்துட்டுப் போங்க.” யார் கொடுத்த மனு, என்ன மனு என்று கேட்டால், “நேர்ல வாங்க, பேசிக்கலாம்.”

அவன் மாமாவும் நானும் கூடப் போனோம். உள்ளே போனதும் செல்போனை வாங்கி ரைட்டர் மேஜை டிராயருக்குள் போட்டார்கள். ரசீது எதுவும் தரவில்லை. “ஐயா வரட்டும், உட்காருங்க” என்றார்கள். மதியம் ஆனது, ஐயா வரவில்லை. சாப்பிட்டு வரட்டுமா என்று மாமா கேட்டதற்கு, “நீங்க போங்க, அவன் இருக்கட்டும்” என்றார்கள். அம்மா விஷயம் தெரிந்து ஓடி வந்துவிட்டார். வருகிற போகிற காவலர்களிடமெல்லாம் “எம் பையன் என்ன தப்புங்க பண்ணான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரிடமும் பதில் இல்லை. அவர்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். ஐந்து நிமிடம்தான் பேசினார், மரியாதையாகவே பேசினார். “கேஸ் போட்டா பாஸ்போர்ட் எடுக்க முடியாது, வேலைக்குப் போக முடியாது. உன் எதிர்காலம்தான் பாழாகும். எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு.” ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். ‘இனிமேல் இதுபோல் பதிவிட மாட்டேன்’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினான், கையெழுத்துப் போட்டான். வீடியோவை அவர்கள் முன்னாலேயே அழித்தான். அதன் பிறகுதான் போன் திரும்பக் கிடைத்தது. எந்தச் சட்டப் பிரிவில் இதை எழுதி வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். “சார், நீங்க இதுல தலையிடாதீங்க” என்றார்கள்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது பலரும், “அடிக்கலையே, கேஸ் போடலையே, விடுங்க” என்றார்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. கேஸ் போடாததுதான் இங்கே விஷயமே.

கேஸ் என்று போட்டுவிட்டால் அது கோர்ட்டுக்குப் போகும். நம் சேலத்திலேயே 2017 ஜூலையில், எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நடந்த கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்களை ஆதரித்துத் துண்டறிக்கை கொடுத்த இதழியல் மாணவியைக் குண்டர் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்ததைப் பற்றி முகநூலில் கார்ட்டூன் போட்டவரை, ஆட்சியரின் புகாரில் சென்னைக்கு வந்து கைது செய்தார்கள். மறுநாளே ஜாமீன் கிடைத்தது. சிறுமலைக்குச் சுற்றுலா போன படத்தைப் போட்டு, ‘துப்பாக்கிப் பயிற்சிக்காக’ என்று வேடிக்கையாக எழுதியவர் மீது போட்ட வழக்கை 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. இதற்கெல்லாம் முன்பே, 2015 மார்ச் 24 அன்று, இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தூக்கிவிட்டது. அப்படியும் அந்தச் செத்த பிரிவில் வழக்குகள் தொடர்ந்தன. நிலுவையில் உள்ளவற்றையெல்லாம் கைவிடச் சொல்லி 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது.

எழுத்தில் இருந்தால் கோர்ட்டில் கேள்வி வரும். எனவே எழுத்தில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு போன், ஒரு பெஞ்ச், ஒரு வெள்ளைத் தாள். எதிர்த்து வழக்குப் போடப் போனால், எதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்பது? ‘விசாரணை என்ற பெயரில் தொந்தரவு செய்யக் கூடாது’ என்று கேட்கும் மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி ரகமாகவே இருக்கின்றன. வக்கீல்கள் அதற்கு ‘நாட் டு ஹராஸ்’ மனு என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் கொலுசுப் பட்டறையில் கூலி வாங்கும் பையன் அதற்காகச் சென்னைக்குப் போவானா? பட்டறைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

ஏற்காட்டு மலைக்கிராமங்களில் இது இன்னும் சுலபம். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர் ஸ்டேஷனுக்குப் போய் வர பஸ் பார்க்க வேண்டும், ஒரு நாள் சம்பளம் போகும். ஒருவரை இப்படி இரண்டு முறை கூப்பிட்டாலே போதும், ஊரே போனைக் கீழே வைத்துவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்தபோது, எங்கெங்கே என்ன நிலைமை என்று கீழே இருந்த எங்களுக்கு அந்த மக்கள் எடுத்த வீடியோக்கள்தான் காட்டின. அந்தக் கைகளை நடுங்க வைத்தால் அடுத்த மழைக்கு யார் சொல்வார்கள்?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவரைக் கைது செய்யாமல் கூப்பிட 35(3) பிரிவில் நோட்டீஸ் தர வேண்டும். சாட்சியாகக் கூப்பிட 179-ஆம் பிரிவில் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். சாட்சி பெண்ணாகவோ 60 வயதைத் தாண்டியவராகவோ இருந்தால் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூடச் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி இருக்கும்போது வெறும் போன் எந்தக் கணக்கில் வரும்?

அலுவலர்களின் பக்கம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொய்யாக லஞ்சப் புகார் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெண் அலுவலர்களைப் பற்றி எழுதும் ஆபாசத்தைப் படிக்கவே கூசும். சாதியைச் சொல்லித் திட்டுகிறவனும் இருக்கிறான். அவர்கள் மீது தாராளமாக வழக்குப் போடட்டும், நானே சாட்சி சொல்ல வருகிறேன். தன் பெயர் கெட்டது என்று ஒரு அலுவலர் நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. அவதூறு வழக்கில் போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட முடியாது. மாஜிஸ்ட்ரேட்டிடம் போக வேண்டும். பணி சம்பந்தமான அவதூறு என்றால் அரசு அனுமதியுடன் அரசு வழக்கறிஞர் மூலமாக செஷன்ஸ் கோர்ட்டிலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் கோர்ட்டுக்குப் போனால் ‘தூர் வாரினீர்களா இல்லையா’ என்ற கேள்வி வரும். ஒரு போன் போட்டுச் சொன்னால் அந்தக் கேள்வி வராது.

இனி யாருக்காவது இப்படி அழைப்பு வந்தால், “நோட்டீஸ் கொடுங்க, தேதி போட்டு வாங்கிட்டு வக்கீலோட வர்றேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள். எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்று எழுதி வையுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் அது. தனியாக மட்டும் போகாதீர்கள்.

நடந்ததைப் பற்றித் தகவல் கேட்டு மனுப் போடலாம் என்றதும் அந்தப் பையன் முதலில் பயந்தான். அப்புறம் அவன் அம்மாதான், “கேளுங்க, நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அவர் பெயரில் மனு அனுப்பியிருக்கிறோம். மகன் மீது வந்ததாகச் சொன்ன மனுவின் நகல், அதற்குப் போட்ட சிஎஸ்ஆர் எண் (மனு ரசீது எண்), ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதை எழுதும் பொது நாட்குறிப்பில் அன்று அவன் வந்த நேரமும் போன நேரமும், எழுதி வாங்கிய தாளின் நகல் எல்லாம் கேட்டிருக்கிறோம். அன்றைய சிசிடிவி பதிவையும் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே போடுகிறேன்.