பவுண்ட் கணக்கு வேறு, பேக்கன் கணக்கு வேறு

"1976-ல் பவுண்ட் சரிந்த அளவுக்கே பிரிட்டனில் ஐரோப்பிய உணவுப் பொருள்களின் விலையும் ஏறியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. பண்ணைப் பொருள்களுக்குச் சந்தையின் நாணய மாற்று விகிதம் கிடையாது. ஐரோப்பாவின் பொதுப் பண்ணை விலைகளைப் பவுண்டுக்கு மாற்ற 'பச்சைப் பவுண்ட்' என்று தனி விகிதம். அதை லண்டன் வேண்டுமென்றே உயரத்தில் வைத்திருந்தது. இரண்டு விகிதங்களுக்கும் உள்ள இடைவெளியை எல்லையில் ஈட்டுத்தொகை நிரப்பியது: டென்மார்க் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) உள்ளே வந்தால் மானியம், பிரிட்டிஷ் மாட்டிறைச்சி வெளியே போனால் வரி. மானியப் பணமும் பிரிட்டன் கஜானாவிலிருந்து நேராகப் போகவில்லை. ஐரோப்பிய சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) பொது பட்ஜெட்டிலிருந்து போனது. வாங்குபவருக்குக் கொண்டாட்டம், உள்ளூரில் பன்றி வளர்ப்பவருக்குத் திண்டாட்டம். (அவர்கள் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல.) நாணயமான மார்க்கின் மதிப்பு ஏறிய மேற்கு ஜெர்மனியில் எல்லாம் தலைகீழ்: இறக்குமதிக்கு வரி, ஏற்றுமதிக்கு மானியம். 1969-ல் பிரெஞ்சு நாணயமான பிராங்கின் மதிப்புக் குறைப்போடு தொடங்கிய இந்த எல்லைக் கணக்கு 1992 முடியும்வரை ஓடியது.